பச்சைப் பெட்டி இருந்தால் பால்மரத்தில் அந்த நொதி உண்டு என்று எழுதிவிடலாமா?

லயத்துப்பொண்ணு | திங்கள், இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். விடுமுறைக்கு மலேசியாவின் சுங்கை சிப்புட் வந்திருக்கிறேன். உயிரித் தொழில்நுட்பம், இரண்டாம் ஆண்டு. பால்மரத்தில் ரப்பர் எப்படி உண்டாகிறது என்ற வினைப்பாதையை வரைந்து, ஒவ்வொரு படிக்கும் நொதியின் பெயர், எண் (அது செய்யும் வினையைக் கொண்டு தரும் பன்னாட்டு வகைப்பாட்டு எண்), சான்று மூன்றையும் எழுதித் தரவேண்டும் என்று ஓர் இடுபணி.

உயிர்களுக்குள் நடக்கும் வினைப்பாதைகளைப் படங்களாகத் தரும் கெக் (KEGG) தரவுத்தளத்தில் 00900 என்ற படத்தைத் திறந்தேன். ரப்பரும் அடங்கிய டெர்பினாய்டு வகைச் சேர்மங்களுக்கு அடிப்படையான கூறுகள் உருவாகும் பாதை அது. உயிரினப் பட்டியலில் ரப்பர் மரத்தைத் தேர்ந்தெடுத்ததும் வெள்ளையாக இருந்த பெட்டிகளில் பல பச்சையாகிவிட்டன. பச்சையானதை எல்லாம் அட்டவணையில் ஏற்றி, சான்று என்ற கட்டத்தில் 'கெக்' என்று போட்டு அனுப்பினேன். விரிவுரையாளர் திருப்பி அனுப்பிவிட்டார். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஒரே கேள்விதான்: யார் பார்த்தது, எந்த உயிரில்?

அம்மா இன்னும் மரம் சீவுகிறார். இன்று காலை அவர் பால் பிடிக்கும் கிண்ணமான மங்கிலிருந்து வாளிக்குப் பாலை ஊற்றும்போது பக்கத்தில்தான் நின்றேன். இந்தப் பாலுக்குள் நடப்பதைத்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் அது நடக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அது மனதை உறுத்துகிறது. தெரிந்தவர்கள் விளக்குங்களேன்.


நிரல்தம்பி | திங்கள், இரவு 9.31

அக்கா, கெக் 1995-லிருந்து நடக்கிறது. உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். அதில் இருக்கிறது என்பதே சான்றுதானே? அதற்கும் மேலே என்ன வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.


ஆய்வகமேசை | திங்கள், இரவு 10.20

தம்பி, கெக் மேல் எனக்கும் மரியாதை உண்டு. கியோத்தோ பல்கலைக்கழகத்தில் மினோரு கனேஹிசா தொடங்கிய பெரிய வேலை அது. செடி ஆய்வகத்தில் வேலை பார்த்த காலத்தில் நான் தினமும் திறந்த பக்கம். ஆனால் உன் கேள்விக்குப் பதில், இல்லை.

அந்தப் படம் எந்த ஓர் உயிருக்கும் உரிய படம் அல்ல. பாக்டீரியா, ஈஸ்ட், எலி, செடி என்று பல இடங்களில் பல காலத்தில் கண்டறிந்த வினைகளை ஒரே தாளில் சேர்த்து வரைந்த பொதுப்படம். சிறு வட்டம் என்றால் சேர்மம், பெட்டி என்றால் நொதி. ரப்பர் மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது என்ன நடக்கிறது? அந்த மரத்தின் மரபணு வரிசைகளை ஏற்கெனவே தெரிந்த நொதிகளின் வரிசைகளோடு ஒப்பிட்டு வைத்திருக்கிறார்கள். போதுமான அளவு ஒத்துப்போன மரபணுவுக்கு ஒரு 'கே' எண் கிடைக்கிறது. அந்த எண் எந்தப் பெட்டிக்கு உரியதோ அந்தப் பெட்டி பச்சையாகிறது. அவ்வளவுதான். "இந்த நொதிக்கான மரபணுவைப் போன்ற ஒன்று இந்த மரத்தில் இருக்கிறது" என்பதே பச்சையின் பொருள். அது பாலில் வேலை செய்கிறதா, இலையில் மட்டுமா, அதிலிருந்து வரும் புரதம் உண்மையிலேயே அந்த வினையைச் செய்கிறதா, இதெல்லாம் நிறத்தில் தெரியாது.

தங்கச்சி, நீ திறந்த அதே படத்தையே எடுத்துக்கொள். அதில் ரப்பர்ச் சங்கிலியின் கண்ணியாகும் ஐசோபென்டனைல் டைபாஸ்பேட்டுக்கு (இனி ஐ.பி.பி. என்று எழுதுகிறேன்) இரண்டு வழிகள் வந்து சேர்கின்றன. ஒன்று அசிட்டைல் கோ.ஏ.வில் தொடங்கும் மெவலோனேட் பாதை. இன்னொன்று எம்.இ.பி. பாதை, செடியில் அது பசுங்கணிகம் போன்ற கணிகங்களுக்குள் நடப்பது. பால்மரம் ஒரு செடி என்பதால் இரண்டும் பச்சையாகும். அதைப் பார்த்துவிட்டு ரப்பர் இரண்டு வழியாகவும் வருகிறது என்று எழுதினால் தவறாகப் போக வாய்ப்புண்டு. மரத்தில் மரபணு இருப்பது வேறு, ரப்பருக்கான கரிமம் அந்த வழியே போவது வேறு.

மெவலோனேட் வழிக்கு மட்டும் நேரடியான பழைய சான்று இருக்கிறது. 1958-இல் பார்க், பானர் என்ற இருவர், கதிரியக்கக் கரிமம் கொண்ட மெவலோனிக் அமிலத்தைப் பால்மரப் பாலில் சேர்த்து, அந்தக் கரிமம் ரப்பருக்குள் போய்ச் சேர்வதைக் காட்டினார்கள். உன் விரிவுரையாளர் கேட்கும் "யார் பார்த்தது" என்பதற்கு இதுதான் பதிலின் வடிவம். மரபணு வரிசை எதுவும் கையில் இல்லாத காலத்தில் பார்த்தது.


பெரட்டுக்களம் | செவ்வாய், காலை 6.48

பாப்பா, எனக்கு நொதியெல்லாம் தெரியாது. முப்பத்தொரு வருஷம் மரம் சீவியவன், இப்போது ஓய்வு. ஆனால் மேலே ஆய்வகமேசை சொன்னது எனக்கு விளங்கியது. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுப் புத்தகத்தில் பெயர் இருக்கும். அந்த ஆள் இன்று எந்த நிரையில் நிற்கிறான், எத்தனை மரம் சீவினான் என்று நிரைக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். பச்சைப் பெட்டி பெயர்ப்பதிவு. சரிதானே?

ஒன்று கேட்கிறேன். எங்கள் காலத்தில் பட்டையில் மருந்து பூசுவார்கள். பூசினால் பால் கூடுதலாக வரும். நிற்காமல் பூசினால் பட்டை காய்ந்து மரம் பாலே கொடுக்காது. அந்தப் படத்தில் இது எங்கே இருக்கிறது?


ஆய்வகமேசை | செவ்வாய், காலை 8.05

ஐயா, பெயர்ப்பதிவு என்று சொன்னீர்களே, இதைவிடத் தெளிவாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

நீங்கள் கேட்ட மருந்து எத்திபான், எத்ரல் என்ற பெயரில் வந்தது. மரத்துக்குள் போனதும் உடைந்து எத்திலின் வாயுவை விடுகிறது. அது வந்ததும் பால்குழாய்களுக்குள் சர்க்கரை வரத்து கூடுகிறது, பால் நீர்த்து நெடுநேரம் ஓடுகிறது. ஆனால் கெக் படத்தில் இது இல்லை. அம்புக்குறி "இதிலிருந்து அது வரலாம்" என்று சொல்லும். எவ்வளவு வேகத்தில், எவ்வளவு அளவில் என்று சொல்லாது. படத்தில் எல்லா அம்பும் ஒரே தடிமன். மரத்தில் ஒரு படி ஆறு போல ஓடும், இன்னொரு படி சொட்டுச் சொட்டாகப் போகும்.

வேகம் வேண்டுமென்றால் பிரெண்டா என்ற தரவுத்தளத்துக்குப் போகவேண்டும். ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரில் 1987-இல் தொடங்கியது. ஒவ்வொரு நொதிக்கும் எந்த உயிரில், எந்த வெப்பத்தில், எந்த அமிலத்தன்மையில் எவ்வளவு வேகம் என்று ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து எடுத்து அடுக்கியிருக்கிறார்கள். அங்கேயும் கவனம் வேண்டும். அவை குப்பியில் அளந்த எண்கள்.


செம்பனைஆலை | செவ்வாய், மதியம் 1.15

கடைசி வாக்கியத்தை நான் பட்டு உணர்ந்திருக்கிறேன். செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையின் ஆய்வகத்தில் இருக்கிறேன். எங்கள் வாழ்க்கையே ஒரு நொதியைச் சுற்றித்தான்: லிப்பேஸ், எண் 3.1.1.3. குலையை வெட்டி, பழம் அடிபட்டதும் அது சதையில் உள்ள எண்ணெயை உடைத்துக் கொழுப்பமிலத்தை விடுவிக்கத் தொடங்கிவிடும். அதனால்தான் வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு வரவேண்டும் என்று விரட்டுகிறோம். வந்ததும் நீராவியில் வேகவைப்பதும் நொதியைக் கொல்லத்தான், காய்கள் குலையிலிருந்து எளிதாக உதிரவும்தான். கச்சா எண்ணெயில் கட்டற்ற கொழுப்பமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டினால் விலை போகாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் பிரெண்டாவில் அந்த எண்ணைத் தேடினேன். பன்றியின் கணையம், ஈஸ்ட், பூஞ்சை என்று நூற்றுக்கணக்கான வரிகள் வந்தன. அவற்றில் பலவற்றுக்கு உகந்த வெப்பம் 37 டிகிரியை ஒட்டி இருந்தது. சரி, அப்படியானால் உதிரிப்பழத்தைக் குளிர்பெட்டியில் வைத்தால் அடங்கிக் கிடக்கும் என்று நினைத்து, மாதிரிகளை அங்கே வைத்துவிட்டு அடுத்த நாள் அளந்தேன். கொழுப்பமிலம் ஏறியிருந்தது. பிறகு தேடிப் படித்தபோதுதான், செம்பனைப் பழத்தைக் குளிரூட்டினால் எண்ணெய் உடைவது தூண்டப்படுகிறது என்று மலேசிய ஆய்வாளர்கள் 1991-லேயே எழுதியிருந்தது தெரிந்தது. எண் ஒன்றுதான், 3.1.1.3. பன்றியிடம் இருப்பதும் செம்பனையிடம் இருப்பதும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று அந்த எண் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. எந்த உயிரில் என்று பார்க்காதது என் தவறு.


உயிரியல்சார் | செவ்வாய், மாலை 5.40

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிவம் ஆறு மாணவர்களுக்கு உயிரியல் நடத்துகிறேன். இங்கே பேசுவது எல்லாம் சரி, ஆனால் கெக் படத்தைச் சற்றுக் குறைத்துப் பேசுகிறோமோ என்று தோன்றுகிறது. மாணவனுக்கு முதலில் முழுப் படம் வேண்டும். கிளைக்காலிசிஸ் தனி, கிரெப்ஸ் சுழற்சி தனி, கொழுப்பு தனி என்று மூன்று அத்தியாயங்களில் படித்தவனுக்கு இவை எல்லாம் அசிட்டைல் கோ.ஏ.வில் வந்து கைகோப்பது ஒரே பார்வையில் தெரிவது பெரிய விஷயம். நான் படித்த பல்கலைக்கழக ஆய்வகச் சுவரில் பெரிய வினைப்பாதைத் தாள் ஒன்று தொங்கும். ஜெர்மனியில் கெர்ஹார்டு மிக்கல் தொகுத்தது, 1965-இல் முதலில் வந்தது. அதற்கும் முன்பே 1955-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டொனால்ட் நிக்கல்சன் ஒன்று வரைந்திருந்தார். அந்தச் சுவர்த்தாளுக்கு முன்னால் நின்ற ஒரு மதியவேளையில்தான் நான் உயிர்வேதியியலை நேசிக்கத் தொடங்கினேன். அதை எப்படி விட முடியும்?

இன்னொன்று. எண்களும் மாறும். என் பழைய குறிப்பில் ஏ.டி.பி. சிந்தேஸ் என்ற நொதி 3.6.3.14 என்று இருக்கிறது. 2018-இல் சவ்வைத் தாண்டிப் பொருளைக் கடத்தும் நொதிகளுக்கு ஏழாம் வகுப்பு என்று புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள். இப்போது அது 7.1.2.2. பழைய நூலையும் புதிய தளத்தையும் ஒப்பிடும்போது இதைக் கவனியுங்கள்.


ஆய்வகமேசை | செவ்வாய், இரவு 9.50

சார், சுவர்த்தாளை விடவேண்டாம். முழுப் படத்தைப் பார்ப்பதற்கு கெக், ஒரு படியை உறுதிசெய்வதற்கு வேறு இடம். நான் சொல்ல வந்தது இதுதான்.

அந்த வேறு இடங்களில் முதலாவது மெட்டாசைக். அமெரிக்காவில் எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தில் பீட்டர் கார்ப் குழு நடத்துவது. ஈ.கோலி பாக்டீரியாவுக்காக அவர்கள் செய்த ஈகோசைக் அதற்கு அண்ணன். கெக் பல உயிர்களின் வழிகளை ஒரே தாளில் போடும். மெட்டாசைக் அவற்றைப் பிரித்து, சோதனையில் கண்டறிந்த ஒவ்வொரு பாதைக்கும் தனிப் பக்கம் கொடுக்கும். மெவலோனேட் பாதையே அங்கே ஒன்று அல்ல. நமக்கும் செடிக்கும் உரியது ஒன்று, ஆர்க்கியா நுண்ணுயிர்களில் கடைசிப் படிகள் வேறு மாதிரி இருப்பதால் அவற்றுக்கு வேறு பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் அது எந்த உயிரில் கண்டது, எந்தக் கட்டுரையில் என்று இருக்கும். சோதனைச் சான்று என்றால் சிறு குடுவைப் படம், கணினிக் கணிப்பு என்றால் கணினிப் படம். அந்தக் குடுவையைத் தேடப் பழகு, தங்கச்சி.

இரண்டாவது யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளம். ஒரு புரதத்தின் பக்கத்தில் அது இருப்பதற்கான சான்று எந்த நிலையில் என்று ஐந்து படிகளில் ஒன்றைப் போட்டிருப்பார்கள்: புரதமாகவே கண்டது, ஆர்.என்.ஏ. அளவில் கண்டது, ஒப்புமையால் ஊகித்தது, கணித்தது, ஐயத்துக்குரியது. உன் அட்டவணையின் சான்றுக் கட்டத்துக்கு இது அப்படியே பொருந்தும். யாராவது படித்துச் சரிபார்த்த பதிவா, இயந்திரம் ஏற்றிய பதிவா என்பதையும் அங்கேயே பார்க்கலாம்.


பெரட்டுக்களம் | புதன், காலை 7.02

நேற்று கிளினிக்கில் கொழுப்பு மாத்திரை வாங்கும்போது மருந்தாளர் பிள்ளையிடம் இந்த விவாதத்தைச் சொன்னேன். "ஐயா, அந்த மாத்திரை அடைக்கும் நொதி பால்மரத்திலும் உண்டு" என்று சொன்னது. உண்மையா?


லயத்துப்பொண்ணு | புதன், காலை 8.30

தாத்தா, உண்மைதான், நானும் அதைப் பார்த்து வியந்துபோனேன்! என் அட்டவணையின் மூன்றாவது வரி அது. எச்.எம்.ஜி. கோ.ஏ. ரிடக்டேஸ், எண் 1.1.1.34. மனிதனின் கல்லீரலில் கொலஸ்ட்ரால் உண்டாகும் வழியில் இதே படி வருகிறது. ஸ்டாட்டின் மாத்திரைகள் அதைத்தான் தடுக்கின்றன. 1970களில் ஜப்பானில் அகிரா எண்டோ ஒரு பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைக் கண்டுபிடித்தார். கல்லீரல் மெவலோனேட்டிலிருந்து கொலஸ்ட்ராலுக்குப் போகிறது, மரம் அதே மெவலோனேட்டிலிருந்து ரப்பருக்குப் போகிறது. ஐ.பி.பி. வரைக்கும் பாதை ஒன்று. நீங்கள் முப்பத்தொரு வருஷம் மங்கில் பிடித்ததும் இப்போது மாத்திரை போட்டுக் குறைப்பதும் ஒரே வழியில் வருபவை.


ஆய்வகமேசை | புதன், காலை 9.15

அந்த மூன்றாவது வரியிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. படத்தில் 1.1.1.34 ஒரே பெட்டி. பால்மரத்தில் அந்த நொதிக்கு மூன்று மரபணுக்கள் உண்டு என்று 1990களின் தொடக்கத்திலேயே கண்டார்கள். அவற்றில் முதலாவது பால்குழாய்களில் அதிகம் வேலை செய்கிறது, எத்திலின் பட்டால் கூடுகிறது. பெரட்டுக்களம் ஐயா கேட்ட மருந்துக்கும் பெட்டிக்கும் உள்ள தொடர்பில் ஒரு முனை இதுதான். பெட்டியைச் சொடுக்கினால் பட்டியலில் பல மரபணு எண்கள் வரும். எது பாலுக்கு உரியது என்று பட்டியல் சொல்லாது.


நிரல்தம்பி | புதன், மதியம் 12.20

ஒத்துக்கொள்கிறேன், முதல் நாள் நான் சொன்னது அவசரம். இப்போது எனக்கு ஒரு கேள்வி. இந்தப் பாதைகளைத் தமிழில் காட்டும் கைப்பேசிச் செயலி ஒன்று செய்ய ஆசை. தரவை மொத்தமாக எடுத்துப் பயன்படுத்தலாமா?


ஆய்வகமேசை | புதன், மதியம் 1.05

நல்ல ஆசை, செய். ஆனால் கெக்கிலிருந்து மொத்தமாக எடுக்காதே. தளத்தைப் பார்ப்பதும் படிப்புக்காகச் சிறிது சிறிதாகக் கேட்டு வாங்குவதும் இலவசம். மொத்தத் தரவு 2011-லிருந்து சந்தாவுக்குப் போய்விட்டது, படங்களை மறுபடி வெளியிட அனுமதி வேண்டும். மெட்டாசைக்கும் ஈகோசைக்கும் அடங்கிய பயோசைக் தொகுப்பிலும் பெரும்பகுதி இப்போது சந்தாதான். பாதைகளைப் பிழை பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்கும் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும் அல்லவா, அந்த நெருக்கடி எனக்குப் புரிகிறது. இருந்தாலும் நம்மைப் போன்ற ஊர்களில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கதவு சாத்தப்படுவது வருத்தம்தான்.

மனித உடலுக்கு ரியாக்டோம், தனி வினைகளுக்கு ரியா, இரண்டும் தாராளமாகப் பயன்படுத்தக்கூடியவை. ரியாவில் ஒவ்வொரு வினையும் இரு பக்கமும் அணு எண்ணிக்கையும் மின்னேற்றமும் சமப்பட்டு இருக்கும், அமிலத்தன்மை 7.3 என்று வைத்துக் கணக்கிட்டது. யூனிப்ராட்டும் நொதிகளின் வினைகளை எழுத இப்போது ரியாவைத்தான் பயன்படுத்துகிறது. தமிழ்ச் செயலிக்கு அடித்தளமாக அதை வை. நொதி, வினை, சேர்மம் என்று பள்ளிநூல்களில் இருக்கும் சொற்களையே எடுத்துக்கொள். ஒவ்வொரு அம்புக்கும் பக்கத்தில் 'எந்த உயிரில் கண்டது' என்ற கட்டத்தை முதல் நாளிலிருந்தே வைத்துவிடு, பிறகு சேர்ப்பது கடினம்.


லயத்துப்பொண்ணு | புதன், இரவு 10.40

இரண்டு நாளாக உட்கார்ந்து அட்டவணையைத் திருப்பி எழுதினேன். அசிட்டைல் கோ.ஏ.விலிருந்து ஐ.பி.பி. வரை ஆறு வரிகள், அப்புறம் ஐசோமரேஸ் ஒன்று, பார்னசைல் டைபாஸ்பேட் சிந்தேஸ் ஒன்று, கடைசியில் ரப்பர் டிரான்ஸ்பெரேஸ் 2.5.1.20. மொத்தம் ஒன்பது. கடைசி வரியில்தான் சிக்கிக்கொண்டேன். மற்ற எட்டுக்கும் ஒரு நொதி, ஒரு புரதம் என்று எழுத முடிகிறது. இதற்கு ஒரு கட்டுரை ஒரு புரதத்தைச் சொல்கிறது, இன்னொன்று வேறொன்றைச் சொல்கிறது.


ஆய்வகமேசை | புதன், இரவு 11.25

நீ சிக்கிய இடம் சரியான இடம். பல ஆண்டுகள் ஆய்வாளர்களும் அங்கேதான் சிக்கிக் கிடந்தார்கள்.

2.5.1.20 என்ற எண் ஒரு வினையின் பெயர். ஐ.பி.பி.யை ஒவ்வொன்றாக வளரும் சங்கிலியில் சிஸ் வடிவில் கோப்பது. பால்மரத்தில் அந்தச் சங்கிலி பத்தாயிரம் கண்ணிகளையும் தாண்டும். இந்த எண்ணைக் கொடுத்தபோது அதைச் செய்வது ஒரு புரதமா, ஒரு கூட்டமா என்று யாருக்கும் தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இல்லை. எண் வினைக்குத்தான்.

பிறகு மரத்தில் எச்.ஆர்.டி.1, எச்.ஆர்.டி.2 என்று இரண்டு புரதங்களைக் கண்டார்கள். வரிசையைப் பார்த்தால் சங்கிலி கோக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவை, ஆகவே பெட்டி பச்சையாகும். ஆனால் அவற்றைத் தனியே எடுத்து வைத்தால் நீண்ட ரப்பர் வருவதை உறுதியாகக் காட்டுவது பெரும்பாடாக இருந்தது. 2016-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், பாலில் மிதக்கும் ரப்பர் துகளின் மேற்பரப்பில் எச்.ஆர்.டி.1, ஆர்.இ.எஃப். என்ற இன்னொரு புரதம், இரண்டையும் இணைக்கும் எச்.ஆர்.பி.பி. என்ற மூன்றும் சேர்ந்து நிற்பதைக் காட்டினார்கள். இடம் முக்கியம், துணை முக்கியம். பெட்டியில் இரண்டுக்கும் இடமில்லை.

அதனால் கடைசி வரியை ஒரே புரதமாக எழுதாதே. வினை 2.5.1.20 என்று எழுதி, கீழே மூன்று புரதங்களையும் தனித்தனியாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் சான்றைச் சொல்.


பெரட்டுக்களம் | வியாழன், காலை 6.30

எந்த உயிரில் என்று கேட்டாரே உன் வாத்தியார், பால்மரம் என்று மட்டும் எழுதினால் போதுமா? எங்கள் நிரையில் நட்டது ஆர்.ஆர்.ஐ.எம். அறுநூறு என்ற இனம் (ரகம்). பக்கத்து நிரையில் வேறு இனம். பால் வரத்தே வேறாக இருக்கும். குவாலா கங்சாரில் 1877-இல் வைத்த மரம் ஒன்று இன்னும் நிற்கிறதே, அதன் பாலும் நம் மரத்துப் பாலும் ஒன்றா?


லயத்துப்பொண்ணு | வியாழன், மதியம் 2.10

தாத்தா, இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. போய்ப் பார்த்தேன். 2013-இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் வெளியிட்ட முதல் மரபணுத்தொகுதி வரைவு உங்கள் அறுநூறில்தான் செய்தது. 2016-இல் சீனாவில் வந்தது ரேயான் 7-33-97 என்ற இனத்தில். அட்டவணையில் 'இனம்' என்று ஒரு கட்டம் சேர்த்துவிட்டேன்.

இப்போது ஒவ்வொரு வரிக்கும் ஐந்து கட்டங்கள்: வினை எண், புரதம், எந்த உயிரில், எந்த இனத்தில், சான்றின் நிலை. மூன்று வரிகளில் இனம் என்ற கட்டம் இன்னும் காலி. நிரப்பக் கட்டுரை தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைக்காவிட்டால் காலியாகவே விட்டு அனுப்பப்போகிறேன்.


உயிரியல்சார் | வியாழன், மாலை 4.55

காலியாகவே அனுப்பு, அம்மா. அனுப்பும் முன் எனக்கு ஒரு பிரதி தா. படிவம் ஆறு பிள்ளைகளிடம் அந்த மூன்று காலிக் கட்டங்களைத்தான் முதலில் காட்டவேண்டும்.


லயத்துப்பொண்ணு | வியாழன், மாலை 5.20

இன்றிரவு அனுப்புகிறேன் சார். மூன்றாவது வரியில் அம்மாவிடம் கேட்டு அவர் நிரை மரத்தின் இனத்தையும் ஓரத்தில் எழுதியிருக்கிறேன், அதை அப்படியே விட்டுவிடுங்கள்.